வீட்டில் என்ன சொன்னார்கள்?

(காரைக்காலில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தோழர்களுக்கும், மாணவர்களுக்கும், நெடுங்காடு, திருநள்ளாறு, திருப்பட்டினம், அம்பகரத்தூர் என்று பல ஊர்களிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களுக்கும் ஜெய்பீம்.

இன்று யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அந்த மூத்த தோழருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்லூரியில் அவமானப்பட்டு எங்கள் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நடந்ததை முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும் "வீட்ல சொன்னியா? வீட்ல என்ன சொன்னாங்க?" என்பார். எங்களுக்கு அது பிடிக்காது. புகார் மனு எழுத வேண்டிய நேரத்தில் குடும்பக் கதை எதற்கு என்று சலித்துக்கொள்வோம். பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கேள்வியின் எடை புரிந்தது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

கல்லூரிக்குப் போகும் இளைஞர்களின் தன்மதிப்பைக் குடும்பம் எப்படி உருவாக்குகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உளவியலார் தன்மதிப்பு என்று சொல்வதும், 1925 முதல் பெரியாரின் இயக்கம் சுயமரியாதை என்று சொன்னதும் உறவுள்ள சொற்கள், ஆனால் ஒன்றல்ல. தன்னைப் பற்றித் தான் நினைப்பது தன்மதிப்பு. உலகம் தன்னை எப்படி நடத்த வேண்டும் என்று கேட்பது சுயமரியாதை. முதலாவது இல்லாமல் இரண்டாவதைக் கேட்க வாய் வராது. மனு எழுதத் தெரிந்த எங்களுக்கு இந்த வாய் வராத இடம் வெகுநாள் கண்ணில் படவே இல்லை.

நம் வரலாற்றிலிருந்தே தொடங்குவோம். இரட்டைமலை சீனிவாசன் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர். கோயம்புத்தூரில் கல்லூரிப் படிப்பு. அந்த நாட்களைத் தமது 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் எழுதியிருக்கிறார். சுமார் நானூறு மாணவர்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லாரும் பிராமணர்கள். பழகினால் சாதியும் குடும்பமும் இருப்பிடமும் தெரிந்துவிடும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள் என்று அவருக்குப் பயம். எனவே வகுப்பு தொடங்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படிப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். வகுப்பு முடிந்ததும் மற்ற மாணவர்கள் கூடவராதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். பிள்ளைகளோடு விளையாடக்கூட முடியவில்லையே என்று ஏங்கியிருக்கிறார்.

அந்த ஓட்டத்தைக் கவனியுங்கள். அன்று யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவமானம் இன்னும் நடக்கவே இல்லை; நடந்துவிடுமே என்றுதான் ஒரு மாணவன் தினமும் ஓடுகிறான். அவன் மறைக்கப் பார்ப்பது தன் அறிவையோ மதிப்பெண்ணையோ அல்ல. வீட்டை மறைக்கிறான்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. காரைக்காலில் இன்று அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, பெண்களுக்கு ஔவையார் அரசு கல்லூரி இருக்கிறது, விவசாயக் கல்லூரி இருக்கிறது, திருவேட்டக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. சுற்றிலும் மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல் என்று இருக்கும் இந்தச் சின்னப் பகுதியில் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் உருவாகிவிட்டார்கள். ஆனாலும் சேரி நிறுத்தத்தில் இறங்காமல் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, கூட வந்த தோழிகளின் பேருந்து கண்ணிலிருந்து மறைந்த பிறகு நடக்கத் தொடங்கும் பிள்ளையை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெற்றோர் கூட்டத்துக்கு அப்பாவை வரச்சொன்னால், அப்பா வெளியூரில் இருக்கிறார் என்று சொல்லும் பிள்ளை இருக்கிறான். அப்பா அன்று பக்கத்துத் தெருவில் கலவை போட்டுக்கொண்டிருப்பார். இது சீனிவாசன் ஓடிய அதே ஓட்டம்.

ஏன் இப்படி? சாதி இழிவு மனத்தைப் புண்படுத்துகிறது, அதனால் தாழ்வு மனப்பான்மை வருகிறது என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவோம். சமூகவியல் படித்த எங்களுக்கும் அந்தப் பதில் வெகுநாள் போதுமானதாகவே இருந்தது. ஆனால் அது முழு உண்மை இல்லை. ஒரே வகுப்பில், ஒரே கேலியைக் கேட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி மறுநாள் கல்லூரிக்கு வருகிறாள், இன்னொருத்தி வருவதில்லை. வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

அமெரிக்கச் சமூகவியலர் மோரிஸ் ரோசன்பர்க் நியூயார்க் மாநிலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஆய்வு செய்து 1965-இல் ஒரு நூல் எழுதினார். பெற்றோரின் அக்கறையை அளக்க மூன்று எளிய விஷயங்களை எடுத்துக்கொண்டார். உன் நண்பர்கள் யார் யார் என்று வீட்டில் தெரியுமா? மதிப்பெண் அட்டையைக் காட்டினால் என்ன செய்வார்கள்? சாப்பிடும் நேரத்தில் நீயும் பேச்சில் கலந்துகொள்வாயா? மதிப்பெண் குறைந்ததற்குத் திட்டும் பெற்றோரின் பிள்ளைகளைவிட, எதுவுமே சொல்லாத பெற்றோரின் பிள்ளைகளிடம்தான் தன்மதிப்பு அதிகம் தாழ்ந்திருந்தது. திட்டுகூட ஒருவகைக் கவனம்தான்.

பிறகு அவரும் ராபர்ட்டா சிம்மன்சும் பால்டிமோர் நகரத்துப் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து 1971-இல் வெளியிட்ட நூல் நமக்கு இன்னும் நெருக்கமானது. கறுப்பினக் குழந்தைகளின் தன்மதிப்பு வெள்ளைக் குழந்தைகளைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி இல்லை என்று அந்த ஆய்வு காட்டியது. குழந்தை தன்னை அளந்துகொள்வது எங்கோ இருக்கும் சமூகத்தின் கண்ணால் அல்ல. தாய், அண்டைவீட்டார், கூட விளையாடும் பிள்ளைகள் ஆகியோரின் கண்ணால்தான். வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த பள்ளிகளுக்குப் போன கறுப்பினக் குழந்தைகளிடம்தான் ஆட்டம் கண்டது. சேரிப் பள்ளியில் வகுப்புத் தலைவனாக இருந்தவன் கல்லூரிக்கு வந்ததும் கடைசிப் பெஞ்சில் ஊமையாக உட்காருவது ஏன் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. அவன் அறிவு குறையவில்லை. அவனை அளக்கும் கண் மாறிவிட்டது.

இப்போது ரோசன்பர்க்கின் மூன்று கேள்விகளை நம் வீடுகளுக்குள் கொண்டுவருவோம். அம்மா விடியும் முன் நடவுக்கோ பருத்தி எடுக்கவோ போகிறார். அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. அப்பா திருப்பூரிலோ சென்னையிலோ கட்டட வேலையில். நண்பர்கள் யாரென்று தெரியுமா? தெரியாது, ஏனென்றால் பிள்ளை யாரையும் வீட்டுக்கு அழைத்து வருவதில்லை. மதிப்பெண் அட்டை ஆங்கிலத்தில் இருக்கிறது; "பாஸா?" என்ற ஒரே கேள்வியோடு அது பீரோவுக்குப் போய்விடுகிறது. சேர்ந்து சாப்பிடும் நேரம் என்று ஒன்று இல்லை. இதைப் பார்த்து நம் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று சொல்பவன் நம் வீட்டு வாசலைப் பார்க்காதவன். அக்கறை இருக்கிறது, அதைக் காட்டும் நேரத்தைக் கூலி வேலை பிடுங்கிக்கொள்கிறது. ஆனால் பிள்ளைக்குப் போய்ச் சேருவது மௌனம் மட்டும்தான்.

அந்த மௌனத்துக்கு வேறொரு வேரும் உண்டு. காரைக்காலுக்குத் தெற்கே, நாகப்பட்டினத்தைத் தாண்டினால் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்தச் செய்தியைக் காதால் கேட்டு வளர்ந்த தலைமுறையினர்தான் இன்றைய மாணவர்களின் தாத்தா பாட்டிகள். "வாய மூடிக்கிட்டு இரு" என்று அவர்கள் சொன்னது பிள்ளைகளைக் காப்பாற்றத்தான். இது பழைய கதை என்றும் சொல்லமுடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாதிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், நடந்ததை வாய்விட்டுச் சொன்னான். சொன்னதற்காக வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சொன்னால் ஆபத்து என்று நினைக்கும் வீடு கற்பனையில் பயப்படவில்லை.

ஆனாலும் காப்பாற்றப் பிறந்த மௌனம் ஒரு வேலையை அரைகுறையாகச் செய்கிறது. உடலைக் காப்பாற்றுகிறது. மனத்துக்குள் ஒரு காலி இடத்தை விட்டுவிடுகிறது. "அவன் ஏன் என்னை அப்படிச் சொன்னான்?" என்ற கேள்விக்கு வீட்டில் பதில் கிடைக்காத பிள்ளை தானே ஒரு பதிலைச் செய்துகொள்கிறது. என்னிடம்தான் ஏதோ குறை, என் நிறம், என் இங்கிலீஷ், என் வீடு, என் அம்மா. சில வீடுகளில் மௌனம்கூட இல்லை. குற்றமே பிள்ளையின் மேல் விழுகிறது. "நீ ஏன் அங்க போயி உக்காந்த?" "நமக்கு எதுக்கு அவங்க சகவாசம்?" வெளியே ஒருவன் எறிந்த கல்லை வீடு எடுத்து மறுபடி எறிகிறது. எறிகிறோம் என்று தெரியாமலே எறிகிறது.

மூன்றாவது வகை வீடும் நம்மிடம் உண்டு. பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. அதில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். சிறுமிக்கு அது வேடிக்கையாகத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். படித்துக்கொண்டிருந்த அண்ணன் சிரிக்கவில்லை. அது ஏன் அப்படி, யார் தொட்டால் யாருக்குத் தீட்டு என்கிறார்கள் என்று விளக்குகிறார். இன்னொரு நாள், நாம் படித்து முன்னேறினால் இந்த இழிவை உதறலாம் என்கிறார். அந்த வீட்டில் பணம் இல்லை, நிலம் இல்லை. ஆனால் நடந்ததற்குச் சரியான பெயரைச் சொல்ல ஒரு அண்ணன் இருந்தார். அந்தச் சிறுமி வகுப்பில் முதலாவதாக வந்தாள். பின்னாளில் அதை எழுதவும் செய்தாள்.

அயோத்திதாசப் பண்டிதரின் வீட்டையும் நினைத்துக்கொள்வோம். தம் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஓலைச்சுவடிகளை ஆரிங்டன் துரையிடம் கொடுத்தார், அவை எல்லிஸ் துரையின் கைக்குப் போயின என்று பண்டிதர் எழுதியிருக்கிறார். ஒரு துரை வீட்டில் சமையல் வேலை பார்த்தவர் அந்தப் பாட்டனார். அவரைச் சமையற்காரர் என்று மட்டும் பேரனுக்குச் சொல்லியிருக்கலாம். குறளைக் காத்துக் கொடுத்தவர் என்று அந்த வீடு சொன்னது. 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, நாமே இந்த நாட்டின் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதும் துணிவு அப்படி வளர்ந்த பேரனுக்கு இருந்ததில் ஆச்சரியமில்லை.

நம் காரைக்கால் வீடுகளில் சொல்வதற்குக் கதை இல்லையா? 1739 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி இருந்த ஊர் இது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவர்களும் நிறைய. சாதியைப் பதிவேட்டிலிருந்து கிழித்துப் போட ஒரு வாசல் திறந்தபோது நம் முன்னோர் காத்திருக்கவில்லை, நுழைந்தார்கள். பெயர் மாறியது, பலருக்குத் தெரு மாறவில்லை என்பதும் உண்மை. சொல்தாவாகப் போய்ப் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. இதையெல்லாம் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் கேட்டிருக்கிறார்கள்?

அநேகமாக அவர்கள் தாத்தாவின் பெயரை முதலில் கேட்பது சாதிச் சான்றிதழுக்கு அலையும் நாளில்தான். புதுச்சேரிக்கான அட்டவணைச் சாதிகள் ஆணை 1964-இல் வந்தது. அதற்கு முன்பே இங்கே குடியிருந்த குடும்பமா என்று ஆதாரம் கேட்கிறார்கள். அம்மா நாகை, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வாழவந்தவராக இருப்பார். அவர் பக்கத்துக் காகிதம் இங்கே எடுபடாது. தகரப் பெட்டியைக் கவிழ்த்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு பழைய தாளைத் தேடுகிறார்கள். பிள்ளை அந்த நாளை ஒரு கூனிக்குறுகிய நாளாகத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறது. அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டியைத் தாசில்தாருக்காக மட்டும் திறக்காதீர்கள். ஒருநாள் பிள்ளைக்காகத் திறந்து, இவர் யார், எங்கே வேலை செய்தார், எதற்காக யாரை எதிர்த்தார் என்று சொல்லுங்கள்.

குடும்பத்தைப் புகழ்ந்துவிட்டு மட்டும் போக முடியாது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் பம்பாய் பரேலில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, கட்டிக்கொடுத்த மகள்களின் நகையை வாங்கி அடகு வைத்து மகனுக்குப் புத்தகம் வாங்கினார். பின்னிரவில் எழுப்பிவிட்டுப் படிக்கவைத்தார். அண்ணன் ஆனந்தராவ் தம்பிக்காகப் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். இதை மேடைகளில் உருகிச் சொல்கிறோம். அந்த அக்காக்களின் நகையையும் அண்ணனின் நின்றுபோன படிப்பையும் கணக்கில் எழுத மறந்துவிடுகிறோம். நம் ஊரிலும் அக்கா பஞ்சாலைக்குப் போய்த் தம்பியைப் படிக்கவைக்கிறாள். "உனக்காகத்தான் இவ்வளவும்" என்று வீடு நாள்தோறும் நினைவூட்டுகிறது. அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பையனுக்குத் தன் மதிப்பு ஒரு கடன் பத்திரம் ஆகிவிடுகிறது. ஒரு அரியர் விழுந்தால் அது ஒரு பாடத்தில் வந்த தோல்வியாக அவனுக்குத் தெரிவதில்லை. அக்காவின் வாழ்க்கையையே தோற்கடித்துவிட்டதாகத் தெரிகிறது. உயர்கல்வி நிறுவனங்களில் நாம் இழந்த பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது நிறுவனத்தின் சாதியைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும், அதில் ஒரு அடிகூடப் பின்வாங்கக் கூடாது. அதோடு, "தோற்றாலும் வீட்டுக்கு வா" என்ற ஒரு சொல் நம் வீடுகளில் கேட்கிறதா என்றும் கேட்டுக்கொள்வோம்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு பூட்டும் இருக்கிறது. கல்லூரியில் சாதியின் பெயரால் கேலி. வீட்டில் "பொட்டப்புள்ளைக்கு இது போதும்" என்ற பேச்சு. கைப்பேசியைத் தம்பி சோதிக்கிறான். அவமானத்தைச் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அவள் சொல்வதே இல்லை. வெளியே அடிமைத்தனத்தை எதிர்த்துக் கொடிபிடிக்கும் நம் தோழர்களின் வீடுகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம். 1942 ஜூலையில் நாக்பூரில் ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். பிள்ளைகளின் மனத்திலிருந்து தாழ்வு மனப்பான்மையை அகற்றுங்கள், பெரியவர்களாக வரப் பிறந்தவர்கள் என்று சொல்லி வளருங்கள், கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், மனைவி கணவனுக்கு அடிமையாக இல்லாமல் தோழியாகச் சமமாக நிற்க வேண்டும் என்று சொன்னார். இந்த நான்கையும் ஒரே பேச்சில் ஒன்றாகச் சொன்னார் என்பதுதான் முக்கியம். அம்மா தலைகுனிந்து நிற்கும் வீட்டில் மகளுக்குத் தலைநிமிர்வை யார் கற்றுக்கொடுப்பார்கள்?

நாம் செய்ய வேண்டியது என்ன? எங்கள் படிப்பகத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறோம். ஒரு மாணவருக்காக மனு எழுதும்போது அவர் வீட்டுக்கும் போகிறோம். மாலை ஏழு மணிக்கு மேல், வேலை முடிந்து எல்லாரும் வந்த பிறகு, பிள்ளையையும் உட்கார வைத்துக்கொண்டு, நடந்ததைப் பெற்றோருக்கு நாங்கள் சொல்கிறோம். பிள்ளை மேல் தவறு இல்லை என்பதை அப்பாவின் வாயாலேயே சொல்ல வைக்க முயற்சி செய்கிறோம். எப்போதும் நடப்பதில்லை. நடக்கும்போது அந்தப் பிள்ளையின் உட்காரும் விதமே மாறுவதைப் பார்த்திருக்கிறோம். எந்த மனுவுக்கு வந்த பதிலும் அந்த வேலையைச் செய்ததில்லை. வீட்டில் அது முடியாத பிள்ளைகளுக்கு, முக்கியமாகக் குடியும் அடியும் உள்ள வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, படிப்பகம் இரண்டாவது வீடாக இருக்க வேண்டும். மூத்த மாணவர்கள் அங்கே அண்ணனாக, அக்காவாக உட்கார வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒன்று. உங்கள் அம்மாவுக்கு மதிப்பெண் அட்டை படிக்கத் தெரியாமல் இருக்கலாம். நீங்கள் படித்துக் காட்டலாம். "உங்களுக்குச் சொன்னா புரியாதும்மா" என்று நீங்கள் சொல்லும்போது, கல்லூரி உங்களுக்குச் செய்ததை நீங்கள் வீட்டில் செய்கிறீர்கள்.

வீட்டை மறைத்து ஓடிய அந்தக் கோயம்புத்தூர் மாணவரிடம் திரும்புவோம். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். எந்தச் சொல் தெரிந்துவிடுமோ என்று மணி அடிக்கும்வரை வெளியே நின்றாரோ, அந்தச் சொல்லையே முகப்பில் அச்சடித்தார். தன் இனத்தான் என்று வெளிப்படையாகச் சொல்லி முன்வந்தால்தான் உரிமை கேட்க முடியும் என்பது அவர் கண்ட முடிவு. அந்த நீண்ட தூரத்தை அவர் பெரும்பாலும் தனியாக நடந்தார். நம் பிள்ளைகளும் அதைத் தனியாக நடக்க வேண்டியதில்லை.

கூட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போவோம். இன்று இரவு சோறு போடும்போது, இந்த வாரம் கல்லூரியில் என்ன நடந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லும்வரை தட்டை எடுக்காமல் உட்கார்ந்திருங்கள். நாளை எங்களிடம் வரும் பிள்ளையிடம் அந்த மூத்த தோழரின் கேள்வியை நாங்கள் கேட்போம். அதற்கு அவர்களிடம் ஒரு பதில் இருக்கட்டும்.